2147483647: ஒரு பெரிய பகா எண்ணைப் படிப்படியாக ஆராய்வதற்கான முழுமையான வழிகாட்டி

பினாங்குப் பாலத்தில் மாலை நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது, முன்னால் நிற்கும் காரின் எண் பகா எண்ணா என்று பார்ப்பது எங்கள் சனிக்கிழமைக் கணித வகுப்பு மாணவர்களுக்குப் பழகிப்போன பயிற்சி. கார் எண்ணில் நான்கு இலக்கங்களுக்கு மேல் இருப்பதில்லை. 9999-இன் வர்க்கமூலம் 100-ஐ எட்டாது. ஆகவே 100-க்குக் கீழுள்ள 25 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே எந்தக் காரின் எண்ணுக்கும் தீர்ப்புச் சொல்லிவிடலாம். 2047 என்ற எண்ணைக் கண்டதும் பகா எண் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். 23-ஆல் வகுத்தால் 89 என்று மீதியின்றி வந்துவிடும். இந்த 2047-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பத்து இலக்கங்கள் கொண்ட 2147483647-க்கும் இதே வழியைக் கையாண்டால் வேலை பெருகிவிடும். அதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் 4,800-க்குச் சற்றுக் குறைவான பகா எண்கள் இருக்கின்றன. ஒரு வகுத்தலுக்கு இரண்டு நிமிடம் என்று கணக்கிட்டாலும் ஏறத்தாழ 160 மணி நேரம் ஆகும். ஆயினும் கணிப்பொறி என்ற சொல்லே இல்லாத 1772-ஆம் ஆண்டில், அறுபது வயதைக் கடந்து, கண்பார்வையையும் ஏறக்குறைய முழுமையாக இழந்திருந்த லியோன்ஹார்ட் ஆய்லர் இது பகா எண்தான் என்று நிறுவி, பெர்னூலிக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு அந்த வேலையைச் சுருக்கித் தந்தது எண்ணின் அமைப்பு. அந்த அமைப்பை நாமே கையால் தொட்டுப் பார்ப்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படிவம் 4 கணிதத்தில் எண் அடிமானங்களைப் படித்த எவரும் இதைப் பின்தொடரலாம். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு மலாயில் 'நொம்போர் பெர்டானா' என்று மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு, பகா எண் என்பதும் அதுவே என்று நினைவூட்டுகிறேன். கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும், சைன்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்றும் போதும். ஐந்தாம், ஆறாம், ஒன்பதாம் படிகளில் சில இடங்களுக்கு மட்டும் மடிக்கணினி வேண்டும்.

முதல் படி: எண்ணின் உருவத்தைப் பார்த்தல்

2147483647-ஐ இரண்டடிமானத்தில் எழுதுங்கள். தொடர்ச்சியாக 31 ஒன்றுகள் வரும். இடையில் ஒரு சுழியம்கூட இருக்காது. அதனோடு ஒன்றைக் கூட்டினால் 2147483648, அதாவது 2³¹ கிடைக்கும். எனவே நம் எண் 2³¹ − 1 ஆகும். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகிய ஏழுக்கு அடுத்து, எட்டாவதாக நிற்பது இது.

இந்த முதல் படியை யாரும் அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். இந்த எண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்த ஆழமான செய்திகள் பெரும்பாலும் அதன் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்தே வருகின்றன: மேலே 2³¹, கீழே 2147483646. எண்ணை மட்டும் உற்றுப் பார்த்தால் அது வாய் திறக்காது.

இரண்டாம் படி: அடுக்கைச் சோதித்தல்

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணும் பகு எண்ணே. 2⁴ − 1 என்பது 15. 2⁶ − 1 என்பது 63. நம் அடுக்கு 31 பகா எண் என்பதால் இந்தத் தடையைத் தாண்டிவிட்டோம். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 11 பகா எண்தான். 2¹¹ − 1 என்பது நாம் பாலத்தில் பார்த்த 2047, அதாவது 23 × 89.

இந்த எண்களுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 31 சரியாகவே இடம்பெற்றிருந்தது. ஆனால் அதே பட்டியலில் 67-உம் இருந்தது. 2⁶⁷ − 1 என்பது 193707721 × 761838257287 என்று 1903-இல் ஃபிராங்க் கோல் காட்டினார். பெரியவர் ஒருவரின் பட்டியலில் இருப்பதால் ஒன்று நிறுவப்பட்டதாகிவிடாது என்பதை மாணவர்களுக்கு இந்த இடத்தில் அழுத்திச் சொல்வேன்.

மூன்றாம் படி: ஆய்லரின் சல்லடை

2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் 'காரணி' என்று அழைப்போம். அப்படியானால் 2³¹-ஐக் காரணியால் வகுத்தால் மீதி 1. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் மீதியைக் குறித்து வந்தால், மீதிகள் ஒரு சுற்றாகச் சுழன்று மீண்டும் 1-க்கு வரும். அந்தச் சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் இரண்டே மீதி 1 தர வேண்டும், அது நடவாது. ஆகவே நீளம் 31. மறுபுறம், ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி, காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து அதை அடுக்காக வைத்தால் இரண்டு மீதி 1 தரும். எனவே காரணியிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணை 31 வகுக்கும். அந்த எண் இரட்டை எண்ணும்கூட. ஆகவே காரணியை 62-ஆல் வகுத்தால் மீதி 1 என்றுதான் வர வேண்டும்.

இதோடு சல்லடை இன்னும் இறுகும். 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது, காரணியால் வகுக்கும் உலகத்தில் 65536 என்பது இரண்டின் வர்க்கமூலமாக நிற்கிறது. இரண்டுக்கு இப்படி வர்க்கமூலம் தரும் பகா எண்கள் எல்லாம் 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதியாகத் தருபவை என்பது எண்ணியலில் நன்கு அறியப்பட்ட விதி.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், காரணியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும். மற்ற எல்லா எண்களையும் தொடாமலே ஒதுக்கிவிடலாம். 4,800-ஐ நெருங்கிய பகா எண்களில் ஏறத்தாழ எண்பதுதான் எஞ்சுகின்றன. இதே விதியை 2047-இல் பொருத்திப் பாருங்கள்: 23-உம் 89-உம் 22-ஆல் வகுத்தால் 1 மீதி தருகின்றன, 8-ஆல் வகுத்தால் முறையே 7, 1 மீதி தருகின்றன. விதி பொய்க்கவில்லை.

இப்போது நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தியாக எழுதத் தொடங்குங்கள். இடப்பக்கம் 249, 497, 745, 993, 1241, 1489; வலப்பக்கம் 63, 311, 559, 807, 1055, 1303. பகு எண்களை அடித்துவிட்டால் முதலில் எஞ்சுபவை 311, 1303, 1489. நம் எண்ணை 311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. 1303-ஆல் வகுத்தால் ஈவு 1648107, மீதி 226. இப்படியே 46,340 வரை செல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் இதை ஆளுக்குப் பத்து எண்கள் என்று பிரித்துக்கொண்டோம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எங்கும் மீதி சுழியமாகவில்லை.

ஆய்லரின் இந்த முடிவுக்குப் பிறகு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் 2147483647-ஐ விடப் பெரிய பகா எண் எதுவும் உறுதியாக அறியப்படவில்லை.

நான்காம் படி: லூகாஸ்–லெமர் சோதனையை 127-இல் கையால் செய்தல்

காரணிகளைத் தேடாமலே தீர்ப்புச் சொல்லும் வழி ஒன்று உண்டு. பிரான்சின் எதுவார் லூகாஸ் 1870-களில் கண்டறிந்ததை, அமெரிக்காவின் டெரிக் ஹென்றி லெமர் 1930-இல் செம்மைப்படுத்தினார். 4-இலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணை வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, நாம் சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அடுக்கை விட இரண்டு குறைவான தடவைகள் இதைச் செய்த பின் சுழியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். இரு பக்கமும் ஐயத்துக்கு இடமே இல்லை.

நேராக 2147483647-க்குத் தாவாமல், முதலில் 127-இல், அதாவது 2⁷ − 1-இல், செய்து பாருங்கள். இங்கே ஐந்து தடவைகள் போதும். 9-ஆல் வகுக்கும்போது இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று ஆரம்பப்பள்ளியில் கற்றோம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே அதற்குக் காரணம். அதே போல 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே ஓர் எண்ணில் எத்தனை 128 இருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணிக்கையையும் மிச்சத்தையும் கூட்டினால் போதும். நாங்கள் இதை 'மடித்தல்' என்கிறோம்.

4-இன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 14. 14-இலிருந்து 194, அதில் ஒரு 128-உம் 66-உம் உள்ளன, மடித்தால் 67. 67-இலிருந்து 4487, அதில் முப்பத்தைந்து 128-உம் 7-உம், மடித்தால் 42. 42-இலிருந்து 1762, பதின்மூன்று 128-உம் 98-உம், மடித்தால் 111. 111-இலிருந்து 12319, தொண்ணூற்றாறு 128-உம் 31-உம், மடித்தால் 127.

ஒரு மாணவர் இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சார், 127 வருது. சுழியம் வரல. அப்போ பகு எண்ணா?" என்று கேட்டார். 127-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி சுழியம் என்று பக்கத்திலிருந்த மாணவி சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மடிக்கும்போது இந்த ஒரு தவற்றை எல்லோரும் செய்வார்கள். எழுதும் நிரலிலும் இதே தவறு நுழையும், கவனியுங்கள்.

ஐந்தாம் படி: அதே சோதனையை 2147483647-இல் நடத்துதல்

இங்கே 29 தடவைகள் தேவை. முதல் நான்கு விடைகள் 14, 194, 37634, 1416317954 என்று மடிக்காமலே வந்துவிடும். அதற்குப் பிறகு வர்க்கம் 19 இலக்கங்களை எட்டிவிடுவதால் பத்து இலக்கத் திரை கொண்ட கால்குலேட்டர் கைவிரித்துவிடும். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் பைத்தான் மொழியில் நான்கைந்து வரிகளில் நிரல் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது விடை 669670838 என்று வந்தால் நிரல் சரியாக இருக்கிறது என்று பொருள்.

கடைசி மூன்று விடைகளை அச்சிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: 1181536708, 65536, 0.

அந்த 65536-ஐ அடையாளம் தெரிகிறதா? மூன்றாம் படியில் இரண்டின் வர்க்கமூலமாக நின்ற அதே எண்தான். சுழியம் வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் மீதி 2 தர வேண்டும். அப்படித் தருபவை 65536-உம், நம் எண்ணிலிருந்து 65536-ஐக் கழித்தால் வருவதும் மட்டுமே. ஆய்லர் சல்லடையை இறுக்கப் பயன்பட்ட எண், நூறாண்டுக்குப் பின் வந்த லூகாஸின் சோதனையில் கடைசிக்கு முந்தைய வரியில் வந்து நிற்கிறது. முதன்முறை இதைத் திரையில் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 127-இல் 111 என்று வந்ததே, அதுவும் இதே கதைதான்: 127-இலிருந்து 16-ஐக் கழித்தால் 111, 16-இன் வர்க்கம் 256, அதன் மீதி 2.

ஆறாம் படி: கீழ்ப் பக்கத்து எண்ணைப் பகுத்தல்

இதுவரை மேலே உள்ள 2³¹-ஐ நம்பியே வந்தோம். இப்போது கீழே உள்ள 2147483646. இதைக் காரணிப்படுத்தக் கணிப்பொறி வேண்டாம். முதலில் இரண்டை வெளியே எடுத்தால் 2³⁰ − 1 மிஞ்சும். அது இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்பதால் 32767 × 32769 என்று பிரியும். 32767 என்பது 7 × 31 × 151. 32769 என்பது 9 × 11 × 331. ஆகவே 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331.

இந்தப் பகுப்பால் என்ன பயன்? 1, 2, 3 என்று 2147483646 வரையுள்ள எண்களில் ஒன்றை எடுத்து, அதையே திரும்பத் திரும்பப் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால், சில எண்கள் சீக்கிரமே 1-க்குத் திரும்பிவிடும். இரண்டு 31 அடிகளிலேயே திரும்பிவிடுகிறது. சில எண்கள் மட்டும் ஒன்றுகூட விடாமல் அத்தனை எண்களையும் தொட்ட பிறகே திரும்பும். அவற்றை மூல வேர்கள் என்பார்கள். இவற்றில் மிகச் சிறியது 7. இதைச் சரிபார்க்க 2147483646 முறை பெருக்க வேண்டியதில்லை. அந்த எண்ணை 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய ஒவ்வொன்றாலும் வகுத்து வரும் ஏழு எண்களை அடுக்காக வைத்து, ஏழிலும் மீதி 1 வரவில்லை என்றும், முழு அடுக்கில் மீதி 1 வருகிறது என்றும் காட்டினால் போதும். பைத்தானின் அடுக்குச் செயற்கூறு இதை நொடியில் செய்யும். இதுவே நம் எண் பகா எண் என்பதற்கு, முந்தையவற்றைச் சாராத மூன்றாவது நிறுவலும் ஆகிறது. மொத்த மூல வேர்கள் 534,600,000. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று.

7-இன் ஐந்தாம் அடுக்கான 16807-உம் மூல வேரே, ஏனெனில் மேற்கண்ட காரணிகளில் 5 இல்லை. கணிப்பொறிகளில் தற்போக்கு எண்களை உண்டாக்க இந்த 16807 பல்லாண்டுகளாகப் பயன்படுகிறது. அடிப்படை முறையை முன்வைத்தவர் நான்காம் படியில் சந்தித்த அதே லெமர்தான். 1-இல் தொடங்கி 16807-ஆல் பெருக்குங்கள்: 16807, பின்னர் 282475249. அடுத்த பெருக்கலில் 4747561509943 வரும். அதில் 2210 முறை 2147483648-உம் 1622647863 மிச்சமும் உள்ளன, மடித்தால் 1622650073. பத்தாயிரமாவது எண் 1043618065 என்று வர வேண்டும். சி++ மொழியின் தர வரையறையிலேயே இந்தச் சோதனை எண் எழுதப்பட்டிருக்கிறது.

ஏழாம் படி: வர்க்கங்களாக எழுதிப் பார்த்தல்

நம் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவோ எழுதவே முடியாது. நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எந்த முழு எண்ணையும் எழுதலாம் என்று லக்ராஞ்சு 1770-இல் நிறுவினார். கையால் தேடுவோம். 46340-இன் வர்க்கத்தை எடுத்தால் மிச்சம் 88047. அதுவும் 8-ஆல் வகுக்க 7 மீதி தருவதால் மூன்று வர்க்கங்களுக்குள் அடங்காது. ஒரு படி இறங்கி 46339-இன் வர்க்கமான 2147302921-ஐக் கழித்தால் மிச்சம் 180726. அதில் 425-இன் வர்க்கம் 180625 போக 101. அது 100 + 1. ஆகவே 2147483647 = 46339² + 425² + 10² + 1². இதற்குத் தேவைப்பட்டது அரைப் பக்கமும் கொஞ்சம் பொறுமையும் மட்டுமே.

எட்டாம் படி: அக்கம்பக்கமும் வரிசையும்

இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரண்டு தள்ளியிருக்கும் 2147483645 ஐந்தில் முடிகிறது. 2147483649 மூன்றால் வகுபடுகிறது. எனவே இதற்கு இரட்டைப் பகா எண் துணை இல்லை. பகா எண் வரிசையில் இது 105,097,565-ஆவது இடத்தில் நிற்கிறது. எண்ணை அதன் இயல் மடக்கையால் வகுத்து மதிப்பிடும் பழைய வழி ஏறத்தாழ 99.9 மில்லியன் என்று சொல்லும். ஐந்து விழுக்காடு குறைவு, ஆயினும் ஒரே வகுத்தலுக்கு இது நல்ல விடைதான்.

2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 கிடைக்கும். 6, 28 போல, தன்னை நீங்கலாகத் தன் வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமாக இருக்கும் நிறைவெண்களில் இது எட்டாவது.

32 பிட் குறியுள்ள முழு எண்ணின் உச்சவரம்பும் இதுவே என்பதால், 1970 சனவரி 1 முதல் நொடிகளை அப்படி எண்ணும் பழைய கணிப்பொறிகளுக்கு 2038 சனவரி 19, செவ்வாய்க்கிழமை, மலேசிய நேரம் முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 நொடியில் எண்ணுவதற்கு இடம் தீர்ந்துவிடும்.

ஒன்பதாம் படி: எண்ணையே அடுக்காக வைத்தல்

மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 3 மெர்சென் பகா எண். அதை இரண்டுக்கு அடுக்காக வைத்து ஒன்றைக் கழித்தால் 7, அதுவும் பகா எண். 7-ஐ வைத்தால் 127, பகா எண். 31-ஐயும் 127-ஐயும் வைத்தாலும் பகா எண்களே வருகின்றன. அப்படியானால் 2147483647-ஐ அடுக்காக வைத்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்? இன்று அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண், 2024-இல் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, அது 41,024,320 இலக்கங்கள் கொண்டது. நாம் கேட்கும் எண்ணோ 640 மில்லியனுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. லூகாஸ்–லெமர் சோதனையை அதில் நடத்துவது நம் மடிக்கணினிகளுக்கு ஆகாத காரியம்.

ஆனால் ஆய்லரின் சல்லடை அங்கேயும் செல்லும். காரணி எதுவானாலும் அது 2 × 2147483647-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாக இருக்க வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தர வேண்டும். மடங்கு 1, மடங்கு 2 என்று வரிசையாக ஏறிச் செல்லுங்கள். 68745-ஆவது மடங்கில் 295257526626031 என்ற எண் வரும். 8-ஆல் வகுத்தால் மீதி 7. பைத்தானில் இரண்டை 2147483647 என்ற அடுக்குக்கு உயர்த்தி, இந்த எண்ணால் மீதி எடுக்கச் சொல்லுங்கள். திரையில் 1 என்று வரும். ஆகவே அந்த 640 மில்லியன் இலக்க எண் பகு எண்.